பின்காலனியப் பெண் நாவல்களை நம் கரையில் பாடமாக வைப்பது குறித்து: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று இந்தக் கரை நெடுக இலக்கியம் படிப்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பின்காலனியப் புனைவில், அதாவது காலனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளின் கதை எழுத்தில், பெண் நாவலாசிரியர்கள் பற்றிய பாடத்தாளை அடுத்த திருத்தத்தில் நீங்கள் கையில் எடுக்கும்போது இந்த மடலும் மேசைமேல் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இப்படிப்பட்ட தாள்களில் வழக்கமாக ஏழெட்டு நாவல்கள் இருக்கும். பருவத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு 4 மணி என்றால் மொத்தம் 60 மணி நேரம். அந்த நேரத்தில் எட்டு நாவலை யாராலும் படிக்கவைக்க முடியாது. ஆகவே பிள்ளைகள் நோட்ஸைப் படிக்கிறார்கள். நோட்ஸில் ‘இடம்’ என்ற தலைப்புக்குக் கீழே நாலு வரி: ஏரிக்கரைக் கிராமம், இயற்கை எழில், மரபுக்கும் நவீனத்துக்கும் மோதல், பெண்ணின் தவிப்பு. தேர்வுக் கேள்வியும் ‘நாவலின் பின்புலத்தை விளக்குக’ என்றே வருகிறது. விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கூடை தூக்கிப் போகிற அம்மாவின் மகள், கடல் எந்த மாதம் எந்தப் பக்கம் கொந்தளிக்கும் என்று கைவிரலில் வைத்திருக்கிறவள், அந்த நாலு வரியை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறாள். அவளுக்குத் தெரிந்தது எதுவும் விடைத்தாளுக்கு வருவதில்லை. கேள்வி அதைக் கேட்கவே இல்லை.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த நாவல்களில் இடம் என்பது காட்சி இல்லை. யார் எந்த நேரத்தில் எங்கே போகிறாள், அங்கே என்ன வேலை செய்கிறாள், எங்கே அவள் போகக் கூடாது, அதை யார் எப்போது தீர்மானித்தார்கள் என்பதுதான் இடம். காலனி ஆட்சி வந்ததும் போனதும் இந்தக் கணக்கில்தான் முதலில் தெரியும். அதை வாசிக்கப் பழக்கும்படி தாளை மாற்றுங்கள். எப்படி மாற்றலாம் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு பகுதியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஸிட்ஸி டங்கரெம்பாவின் ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ 1988-இல் வந்த நாவல். இன்றைய ஜிம்பாப்வே ரொடீஷியாவாக இருந்த காலத்துக் கதை. முதல் பக்கங்களிலேயே நியாமரிரா என்ற ஆறு வருகிறது. பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் ஒரு துறை, ஆண்களுக்குத் தனித்துறை. பிறகு அரசாங்கம் அந்தத் துறைகளுக்குப் பக்கத்தில் நிர்வாகக் கட்டடங்களைக் கட்டுகிறது. கடைகள் வருகின்றன. ஆட்கள் ஆற்றைக் கடந்து போய்வரத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான், பெண்கள் அங்கே குளிப்பது நின்றுபோகிறது. கதை சொல்லும் தம்பு என்ற சிறுமி மட்டும் யாரும் வரவில்லை என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, அவசரமாக இறங்கி நீந்திவிட்டு ஓடுகிறாள். அதுவும் அவள் உடம்பு வளர்வதற்கு முன்பு வரைதான்.

நோட்ஸில் இந்த இடம் ‘ஆற்றின் அழகிய வருணனை’ என்று முடிந்துபோகிறது. வகுப்பில் கேட்க வேண்டியவை வேறு. பெண்கள் குளிக்கக் கூடாது என்று யாராவது உத்தரவு போட்டார்களா? இல்லை. பிறகு எது தடுத்தது? ஓர் அலுவலகமும் நாலு கடையும் ஒரு பாதையும். சட்டம் எதுவும் இல்லாமலே ஆற்றங்கரை கைமாறிவிட்டது. காலனியம் என்ற பெரிய சொல்லை இந்த ஒரு துறையில் காட்டிவிடலாம். அடுத்த கேள்வி: உங்கள் ஊரில் ஊருணிக்கோ கடற்கரைக்கோ பெண்கள் போகும் வழி எது? புதிதாகச் சாலையோ விடுதியோ மதுக்கடையோ வந்தபோது அந்த வழி எங்கே மாறியது? இதைக் கேட்டதும் வகுப்பில் பேசாத பிள்ளையும் பேசும்.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். கோடு போடாத லாங் சைஸ் நோட்டு போதும். எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஆறு கட்டம் பிரிக்க வேண்டும்: பொழுது, வேலை, கையில் இருக்கும் பொருள், போகும் வழி, தடை, நாவலின் பக்க எண். ஓர் அத்தியாயத்துக்கு எட்டு முதல் பத்துப் பதிவு போதும். அதற்கு மேல் கேட்டால் கதைச்சுருக்கம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். பக்க எண் இல்லாத பதிவுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நோட்ஸைப் பார்த்து எழுதுவதை நிறுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை. ‘தடை’ என்ற கட்டத்தில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். தடை பெரும்பாலும் வாக்கியமாக எழுதப்பட்டிருக்காது. ஒருத்தி ஏன் நேர்வழியை விட்டுச் சுற்றிப் போகிறாள் என்று யோசித்தால்தான் அது அகப்படும்.

காலியாகக் கிடக்கும் கட்டத்தையும் படிக்கப் பழக்க வேண்டும். அதற்கு ஜீன் ரீஸ் எழுதி 1966-இல் வந்த ‘வைட் சர்காசோ ஸீ’ பொருத்தமான நாவல். சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியறையில் அடைபட்டுக் கிடக்கும் மனைவிக்கு அவளுடைய ஊரையும் இளமையையும் திருப்பிக் கொடுத்த புத்தகம் அது. முதல் பகுதியில் ஜமைக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு பாழடைந்து கிடக்கும் தோட்டத்தை அந்த மனைவியே, அந்தோனெத் என்ற பெயரில், சொல்கிறாள். இரண்டாம் பகுதியின் பெரும்பகுதியை இங்கிலாந்திலிருந்து வந்த கணவன் சொல்கிறான். நோட்டில் இந்தப் பகுதிக்கு வந்ததும் ‘வேலை’, ‘கையில் இருக்கும் பொருள்’ இரண்டும் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். நிறம் இருக்கும், மணம் இருக்கும், எல்லாமே மிதமிஞ்சி இருக்கிறது என்ற அவனுடைய எரிச்சல் இருக்கும். அந்த வீட்டைத் தாங்கி நிற்கிற உழைப்பு அவன் கண்ணில் படுவது அபூர்வம். ஒரு நாள் அவன் காட்டுக்குள் வழி தவறுகிறான். காலடியில் கல் பாவிய பழைய சாலை தட்டுப்படுகிறது. தேடி வந்த வேலையாளிடம் கேட்டால், சாலையே இல்லை என்கிறான். யார் போட்ட சாலை, எதற்காகப் போட்டது, ஏன் அது இல்லை என்று சொல்லப்படுகிறது? இந்த ஒரு காட்சிக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம்.

நம் கரைக்கும் அந்தப் புத்தகத்துக்கும் தலைப்பிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கட்டக்கோரை என்று எடுக்கிறார்களே, அது சர்காசம் இனத்துப் பாசி. ஒரு கொத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். தண்டில் கொத்துக் கொத்தாக இருக்கும் சின்னக் காற்றுப் பைகளைப் பிள்ளைகள் விரலால் நசுக்கிப் பார்க்கட்டும். நம் கட்டக்கோரை பாறையைப் பிடித்து வளர்வது. சர்காசோ கடலில் இருப்பது எந்தத் தரையையும் பிடிக்காமல் காலமெல்லாம் மிதந்தே வளர்வது. அது கரீபியத் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே கிடக்கும் கடல். இதற்கு மேல் ஆசிரியர் எதுவும் சொல்ல வேண்டாம், அவர்களே எழுதுவார்கள்.

மூன்றாவது நாவலாக ஃப்ளோரா ந்வாபாவின் ‘எஃபுரு’வை வைக்கச் சொல்கிறோம். அதுவும் 1966-இல் வந்தது. நைஜீரியாவின் ஒகுட்டா என்ற ஏரிக்கரை ஊர் அவருடைய சொந்த ஊர், நாவலின் ஊரும் அதுதான். இந்த நாவலைப் பற்றி மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, ‘இடத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்பது. அந்தப் பேச்சில்தான் ஊர் இருக்கிறது. எஃபுரு வியாபாரி. கடன் கொடுக்கிறாள், வசூலிக்கப் போகிறாள். யார் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறாள், யார் வீட்டில் நின்றபடி பேசிவிட்டு வருகிறாள் என்று குறித்தாலே ஊர் வரைபடம் வந்துவிடும். சந்தைக்கு நாலு நாள் சுற்று. ஏரிக்குள் உஹமிரி என்ற பெண் தெய்வம். அவளுக்குச் செல்வம் உண்டு, அழகு உண்டு, பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் நிற்கிறது. மீன் ஏலத்தில் கடனுக்கு மீன் எடுத்து, விற்றுவிட்டு, மாலையில் கணக்கு முடிக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நாவல் அந்நியமாக இருக்க வழியே இல்லை. எங்களைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியதும் இதுதான். ஆங்கிலமும் எளிது.

இந்த மூவரும் தங்கள் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று எழுதினார்கள் என்பதையும் பாடமாக்குங்கள். ந்வாபா எழுதியது சொந்த ஊரை. டங்கரெம்பாவின் தம்பு, படிப்பு தன்னை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று அளந்துகொண்டே போகிறாள். ரீஸ் 1890-இல் டொமினிக்கா என்ற கரீபியத் தீவில் பிறந்து, பதினாறு வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். 1936-இல் ஒரே ஒரு முறைதான் ஊர் திரும்பினார். அவருடைய தீவு நினைவில் இருந்த தீவு. கிட்டத்தில் இருப்பவர் வருணிக்க மாட்டார், பேசவைப்பார். தூரத்தில் இருப்பவருக்கு நிறமும் மணமும் முந்திக்கொண்டு வரும். எல்லா நாவலுக்கும் இது பொருந்திவிடாது. ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல அளவுகோல்.

நேரம் கிடைத்தால் நாலாவதாக பெஸ்ஸி ஹெட் எழுதிய ‘வென் ரெய்ன் க்ளவுட்ஸ் கேதர்’ (1968). தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி 1964-இல் போட்ஸ்வானாவுக்கு வந்து, 1979 வரை குடியுரிமை இல்லாமல் வாழ்ந்தவர் அவர். எல்லை வேலியைத் தாண்டி வரும் ஒருவன், வறண்ட ஊர், ஆண்கள் தொலைவில் மாட்டுப் பட்டிகளில் இருக்க விவசாயத்தைச் சுமக்கும் பெண்கள், புதிதாக வரும் புகையிலைப் பயிர். மண்டபம் முகாமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நாவலைப் படிக்காமல் இருப்பது பெரிய இழப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புமுன் தங்கவைத்த இடம் அது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் இடம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் முகாமிலிருந்து வரும் பிள்ளை இருந்தால், ‘நீ உன் அனுபவத்தைச் சொல்லம்மா’ என்று எழுப்பி நிறுத்தக் கூடாது. அவள் சாட்சி சொல்ல வரவில்லை, பாடம் படிக்க வந்திருக்கிறாள். சொல்ல விரும்பினால் அவளே நோட்டில் எழுதுவாள்.

தமிழ் நாவல் இல்லாமல் இந்தத் தாள் முழுமை பெறாது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. வெளியூர்க்காரர் களத்துக்குப் போய், கேட்டு, பார்த்து எழுதிய நாவல். அந்த உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பாத்திரங்கள் ஆசிரியரின் கருத்தைப் பேசத் தொடங்கும் இடங்களில் உப்பளம் மங்கிவிடுகிறது என்பது எங்கள் மதிப்பீடு. இரண்டையும் மாணவர்கள் நோட்டு வைத்தே கண்டுபிடிக்கலாம், பேச்சு நீளும் பக்கங்களில் ‘கையில் இருக்கும் பொருள்’ கட்டம் காலியாகும். வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளம் வீட்டு வாசல் மாதிரி. நாவலில் வரும் பாத்தியையும் தங்கள் ஊர்ப் பாத்தியையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று அவர்களால் திருத்தமாகச் சொல்ல முடியும்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) மறு துருவம். அதில் இடம் வீட்டுக்குள் இருக்கிறது. கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வரவழைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி தானே எழும்: வீடு அவள் பெயரில் இருந்தால் தெருவும் அவளுடையதாகிவிடுமா? சொத்துரிமையும் நடமாடும் உரிமையும் ஒன்றில்லை என்று புரிய இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் கிடைக்காது. ஆண் ஆசிரியர் இந்த நாவலை எடுக்கும்போது, வாய்விட்டுக் கேட்கச் சங்கடப்படும் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொல்வது நல்லது.

திணையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல், கரு, உரி என்று நிலத்தையும் பொழுதையும் தொழிலையும் சேர்த்தே பார்த்த மரபு நம்முடையது. கருப்பொருளில் தொழிலும் உண்டு. ஆகவே எங்கள் நோட்டு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிது இல்லை. ஆனால் கடல் என்றதும் நெய்தல், நெய்தல் என்றதும் இரங்கல் என்று ஒகுட்டா ஏரிக்கும் அதையே ஒட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அதைத் தடுக்க நற்றிணை 45-ஐ வகுப்பில் படியுங்கள். தேரில் வந்த தலைவனிடம் தோழி, இவள் மீன் பிடிக்கும் பரதவர் மகள், நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள். இரங்கல் எங்கே? வேலையும் உடம்பின் வாடையும் இது எங்கள் இடம் என்ற நிமிர்வும்தான் அங்கே இருக்கின்றன. எஃபுருவின் வியாபாரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பாட்டு இது.

இனி களப்பணி. பருவத்துக்கு இரண்டு நாள் போதும். தாளை இரட்டைப்படைப் பருவத்தில், டிசம்பருக்குப் பிறகு தொடங்கும் பருவத்தில் வையுங்கள். காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையில் பாக் நீரிணைப் பக்கம் அடிக்கும். தை பிறந்த பிறகுதான் இரண்டு கரையிலும் வேலையை நிம்மதியாகப் பார்க்க முடியும். மாசிக்குப் பிறகு பனங்காட்டில் பதநீர் இறங்கத் தொடங்கும். ஏறுவது ஆண், காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இதையும் பார்த்துவிடலாம். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் களப்பணி முடிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் பாசி எடுக்கும் பெண்களிடம். அவர்களோடு படகில் போக வேண்டாம், அவர்களுக்கு இடைஞ்சல், பிள்ளைகளுக்கு ஆபத்து. கரையேறியதும் கேள்வி கேட்கக் கூடாது. உப்பில் ஊறி, பசியோடு வருவார்கள். பாசியைத் தரம் பிரித்து உலர்த்தும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கூட நாலு கை வேலை செய்தபடி பேசலாம். ஒருவரிடம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெயர் குறிக்கக் கூடாது, முகத்தைப் படமெடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியவை: பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணிக்கிழிசல், தண்ணீருக்குள் பார்க்க மாட்டும் கண்ணாடி, இடுப்பில் கட்டிய பை. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்கப் போகின்றன, கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கு; இரண்டும் கெட்டிப்படுத்தப் பயன்படும் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, ஆகவே பிரிக்காமல் கலந்தால் நட்டம். ‘தடை’ என்ற கட்டத்துக்கு இங்கே நிறைய இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறையைக் காக்க அது தேவை. அதே வேளையில், பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடத்தில் பேத்தி அத்துமீறி நுழைந்தவளாகிவிட்டாள். இரண்டும் உண்மை. நியாமரிரா ஆற்றங்கரையில் நடந்ததற்கும் இதற்கும் என்ன ஒற்றுமை, எங்கே ஒற்றுமை இல்லை என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒற்றுமையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

இரண்டாம் நாள் தண்ணீர். கரையோர மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பதைப் பார்த்துக் குறிக்க வேண்டும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது, நல்ல தண்ணீர் கனம் குறைந்தது என்பதால். ஆகவே பள்ளம் ஆழமாக இருக்கக் கூடாது. ஈரம் கசியத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்தி, ஓரத்து மணல் சரியாமல் அகலப்படுத்தி, முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு சிரட்டையாலோ சின்னக் கிண்ணத்தாலோ மேலாக மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். வாளியைப் போட்டு அவசரமாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறி அந்தப் பள்ளமே வீணாகும். ஒரு குடம் நிறையும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளட்டும். திரும்பி வந்து 300 வார்த்தையில் எழுத வேண்டும். நிபந்தனை, ‘பாவம்’, ‘ஏழை’, ‘அவலம்’ என்ற சொற்கள் வரக் கூடாது, வேலை மட்டும் வர வேண்டும். முதல் முறை பெரும்பாலும் தண்ணீருக்கு அலையும் அபலைப் பெண்ணைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் முறை கை எப்படி வளைகிறது என்று எழுதுவார்கள். அதை எழுதிய பிள்ளைக்கு, நாவலாசிரியை ஒரு காட்சியில் எதை விட்டுவிட்டாள் என்பதும் தெரியத் தொடங்கும்.

தனுஷ்கோடிக்கு அழைத்துப் போவதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலைப் பற்றியும் இடிந்த தேவாலயச் சுவரைப் பற்றியும் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். அந்த எழுத்து ரீஸின் நாவலில் வரும் கணவனின் பார்வைக்குப் பக்கத்தில் இருக்கிறது, காட்சி உண்டு, ஆள் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களிலிருந்து இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அதுவரை ஆட்களை ஏற்றிப்போன தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வழி இரண்டு மாதத்துக்குள் புயலில் போனது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் குடிதண்ணீர் எங்கே எடுத்தார்கள், ரயில் வரும் நேரத்தில் பெண்கள் என்ன விற்றார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்க முடியாவிட்டால் அந்தப் பயணத்தை விட்டுவிடலாம்.

நேரப் பங்கீடு இப்படி இருக்கலாம்: ‘எஃபுரு’ 4 வாரம், ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ 4, ‘வைட் சர்காசோ ஸீ’ 3, தமிழ் நாவல் ஒன்று 3, நோட்டுகளைத் திருத்திப் பேச ஒரு வாரம். தமிழில் எது என்பதை அந்தந்தக் கல்லூரி முடிவு செய்யட்டும். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றையும் கீழக்கரையில் இருப்பவர்கள் மற்றொன்றையும் எடுத்தால் என்ன கெட்டுவிடும்? பெஸ்ஸி ஹெட் விருப்பப் பாடமாக இருக்கட்டும்.

மதிப்பெண்ணில் நாற்பது விழுக்காட்டை நோட்டுக்குக் கொடுங்கள். தேர்வில் நாவலிலிருந்து ஒரு பக்கத்தைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்து, ‘இந்தப் பக்கத்தில் யார் எங்கே போகலாம், யார் போகக் கூடாது, அது எப்படித் தெரிகிறது?’ என்று கேளுங்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இருக்காது. விடையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத அனுமதியுங்கள். ஊற்றையும் பாசியையும் பற்றி நன்றாகத் தெரிந்த பிள்ளை ஆங்கிலச் சொல் கிடைக்காமல் பாதியில் நிறுத்துவது நியாயம் இல்லை. திருத்துகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி தேவைப்படும். அது இல்லாமல் இந்தக் கேள்வியை வைத்தால், பழைய நாலு வரி எழுதியவருக்கே மறுபடியும் மதிப்பெண் போகும்.

கடைசியாகப் புத்தகம். 40 பேர் வகுப்புக்கு மூன்று பேருக்கு ஒரு பிரதி என்றாலும் ஒவ்வொரு நாவலிலும் 14 வேண்டும், நாலு நாவலுக்கு 56. இவற்றை ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டாமல், வீட்டுக்குக் கொடுக்கும் பகுதியில் வைக்கக் கல்லூரி நூலகங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். ஆப்பிரிக்க நாவல்கள் உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது அரிது, தருவிக்க வாரக்கணக்கில் ஆகும். கொள்முதல் ஆணை ஐப்பசிக்குள் போனால் தையில் வகுப்பு சூடு பிடிக்கும்போது புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்கும். நோட்டின் மாதிரிப் பக்கங்களும் களப்பணிக்கான அனுமதிக் கடிதத்தின் வரைவும் எங்களிடம் ஆயத்தமாக இருக்கின்றன. குழு கூடும் நாளைச் சொன்னால் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் இலக்கியம் படிப்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும்